சரியான பதிலுக்கு ஒரு துண்டு மத்தி

நான் பிறந்த வீட்டில் ஆடு உண்டு, கோழி உண்டு, எப்போதாவது காடைகூட உண்டு. மீன் மட்டும் கிடையாது. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சுற்றிலும் அணை, ஏரி, வாய்க்கால். ஞாயிற்றுக்கிழமையானால் அணை மீனை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு பாதி ஊர் வீடு திரும்பும். எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் மீன்காரர் ஹாரனை அமுக்காமல் போவார். அமுக்கினால் அம்மா வெளியே வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவின் தொண்டையில் ஜிலேபி மீனின் முள் ஒன்று குத்திக்கொண்டது. வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். முள் அசையவே இல்லை. கடைசியில் பஸ் ஏறிப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்கினார். அம்மா சிரிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் மீன் சட்டியை எடுத்து வந்து வேலிக்கு அந்தப்பக்கம் போட்டு உடைத்தாள்.

"இனிமே இந்த ஊட்டுக்குள்ள மீனு வந்துச்சுன்னா நான் இருக்க மாட்டனுங்க, பாத்துக்கங்க" என்றாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. தொண்டை வேறு புண்ணாக இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் வாழ்க்கைப்பட்டது இடுக்கி மலையில் இருக்கிற சின்னக்கானலில். கஞ்சிக்கோட்டில் நான் பேக்கிங் வேலைக்குப் போன கம்பெனியில் என் கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக மலையில் தேயிலைத் தோட்டத்து வேலை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நாங்கள் விரும்பினோம். அம்மா சாதி கேட்கவில்லை, சம்பளம் கேட்கவில்லை. "மீனு திங்கற ஊடாச்சே அம்மிணி" என்று மட்டும்தான் கவலைப்பட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் மலைக்கே திரும்பி, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் ஓட்ட ஆரம்பித்தார். மாமியார் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மாமனார் இல்லை. லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் மூன்று பேர்.

லயத்து வீடு நம் வீடு இல்லை, தோட்டத்து வீடு. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் இருக்கலாம். அத்தைக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் நான் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போக வேண்டும். இதை யாரும் என்னிடம் உட்கார வைத்துச் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் அத்தையின் படங்கு தொங்கிக்கொண்டிருந்தது. செடியின் ஈரமும் குச்சியும் சேலையைப் பாழாக்காமல் இருக்க, பறிக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற தடித்த பிளாஸ்டிக் தாள் அது. அத்தை கட்டிக்கொண்டு போவது ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று, நல்லதாக, மடித்து மாட்டியிருந்தது. அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

எனக்கு அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. அத்தை அதில்தான் ஒரு மகனை வளர்த்தார். ஆனால் அத்தையின் முழங்காலையும் நான் பார்த்திருக்கிறேன். அட்டை கடித்த தடங்களையும், மழைக்காலத்தில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். போதாததற்கு எனக்குப் படிப்பு வரும் என்று ஒரு திமிரும் இருந்தது. அதனால் அரசு வேலைக்கான பரீட்சை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கிளார்க் வேலை. கிடைத்தால் பூப்பாறையிலோ எங்கேயோ ஒரு வாடகை வீடு பார்த்து மூன்று பேரும் போய்விடலாம். என் வயசுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது வயசு வரம்பு தாண்டியிருக்கும்.

அத்தை, "எழுது தாயி" என்றார். அவ்வளவுதான். படங்கைப் பற்றிப் பேச்சில்லை.

என் கணவர் மட்டும் ஆளே மாறிப்போனார். வீட்டில் சமைக்க விடவில்லை, துணி துவைக்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல சவாரியை விட்டுவிட்டு என்னைப் பூப்பாறையில் நடக்கும் கோச்சிங் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அவர் ஜீப்பில் ஒரு டாக்டர் குடும்பம் ஏறியிருக்கிறது. சாப்பிட நிறுத்திய இடத்தில் அந்த டாக்டர் தன் மகளிடம், மீன் சாப்பிட்டால் மூளைக்கு நல்லது, அதில் ஒமேகா இருக்கிறது என்று சொல்லி ஊட்டியிருக்கிறார். இவர் அடுத்த மேஜையில் பரோட்டா தின்றுகொண்டு அதைக் காதில் வாங்கியிருக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பை. பை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள, மீனு மூளைக்கு நல்லதாம்ல. டாக்டரே சொல்லுதாரு. ஒமேகா."

"ஏனுங்க, எலப்புள்ளியில மீனு திங்காம இருக்கறவீங்களுக்கெல்லாம் மூளையே இல்லீங்களா?"

"இருக்கு, இல்லங்கல. இதத் தின்னா இன்னுங் கொஞ்சம் கூடும்ல."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர்கள் மீன் வைக்கும் நாளில் நான் ரசமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொள்வேன். அதற்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது பரீட்சையைக் காட்டி என்னை மடக்கிவிட்டார். முள் பயம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"முள்ள நான் எடுக்கேன். நீ படி" என்றார்.

எடுத்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜீப்புக்குக் கீழே படுத்துக் கிரீஸ் பூசுகிற கை அது. சோப்புப் போட்டு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவார். மத்தியை வால் பக்கம் லேசாக அழுத்தி, நடுமுள்ளைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால், சீப்பு மாதிரி மொத்தமும் கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. சதையைத் தட்டில் பரப்பி விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பார். மத்தியில் மயிர் மாதிரி முள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததுகூட அவர் விரலுக்குத் தெரியும். என்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்கிற மனுஷர்தானே, அதே பொறுமை. ஒரு மீனுக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தில் நான் இரண்டு பக்கம் படித்துவிடுவேன்.

அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அவரே ஒரு முறை கண்டுபிடித்தார். வினா விடைப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். முள் எடுத்துக்கொண்டே கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால் ஒரு துண்டு எனக்கு. தப்பாகச் சொன்னால் அந்தத் துண்டு அவர் வாய்க்கு.

"நானென்ன கிளியா, சீட்டு எடுத்தா நெல்லு குடுக்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"கிளிக்கு ஒமேகா வேண்டாம். உனக்கு வேணும்" என்றார்.

ஆனால் அவர் போட்ட சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதை முதல் நாளே நான் கண்டுபிடித்துவிட்டேன். மீன் தின்னாமல் இருக்க வேண்டுமானால், தப்பாகப் பதில் சொன்னால் போதும்.

"கேரளத்துல நீளமான ஆறு எது?"

"பாரதப்புழை."

"பெரியாறு! நம்ம பெரியாறு!" என்று தலையில் அடித்துக்கொண்டு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இடுக்கிக்காரருக்கு அது தாங்காத பதில். எனக்குப் பெரியாறு என்று நன்றாகவே தெரியும். பாலக்காட்டுக்காரி ஆனாலும் நீளத்தை மறுக்க முடியுமா?

"உயரமான மலை?"

"அகத்தியமலைங்களா?"

அவர் என்னையே பார்த்தார். ஆனைமுடி. தினமும் காலையில் ஜீப்பை நிறுத்தி எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்குக் கையை நீட்டிக் காட்டுகிற சிகரம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் தட்டில் இருந்த மத்தியைப் பார்க்கும்போது அந்தப் பாவம் போய்விட்டது.

இப்படியே போனது. நான் எவ்வளவுக்கு எவ்வளவு தப்புச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவருக்குக் கவலை கூடியது. மூளைக்கு இன்னும் மீன் வேண்டும் என்று முடிவு கட்டினார். மத்தி வாங்கியவர் மத்தியும் அயிலையும் வாங்கினார், பிறகு நெத்திலியும் சேர்ந்தது. எல்லாவற்றையும் தின்றது அவர்தான். சட்டைப் பொத்தான் வயிற்றுப் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பைக்கில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரருக்கு எங்கள் லயம் பிடித்துப்போய்விட்டது. வளைவில் திரும்பும்போதே ஹாரனை அமுக்கிக்கொண்டு வருவார். மலையாளி, சின்ன வயசு, வாய் ஓயாது.

"சேச்சி, பெடக்கிற மத்தி! சேட்டன் சொல்லி வெச்சதாணு, சேச்சிக்கு பரீட்சைக்குன்னு."

"ஏப்பா, மீனு தின்னா நெசமாலுமே மூளை வளருமா?"

"ஆர்க்கறியாம் சேச்சி? எங்க வீட்டுல மூணு நேரமும் மீனாணு. என்னிட்டும் ஞான் பத்துல தோத்து."

மூன்று வேளையும் மீன் தின்றும் பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளையே சாட்சி சொல்லிவிட்டது. அன்றைக்கு அதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தின்னதுனாலதான் பத்து வரைக்கும் போயிருக்கான்" என்றார். இந்த மாதிரி ஆளிடம் என்ன பேச?

கோச்சிங் வகுப்பு சாரிடமும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அவர் முட்டைகூடச் சாப்பிடாதவர். கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் மூளைக்கு நல்லது என்றார்.

விளையாட்டு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பகலில் தனியாக இருக்கும்போது ஒழுங்காகப் படித்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஆறு, மலை, அணை, அரசியல் சட்டம் என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். சாயங்காலமானால் மண்டூகமாகிவிடுவேன். என் பதில்களை என் கணவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் பின்பக்கம் விறகு எடுக்கப் போனபோது அவரும் அத்தையும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகத்தான் பேசினார். ஆனாலும் கேட்டது.

"நல்லாத்தாம்மா படிக்கா. ஆனா மண்டையில நிக்க மாட்டேங்கு. ஆனைமுடியே தெரியல. நான் அவளக் கஷ்டப்படுத்துதேனோ என்னவோ. கிடைக்காமப் போச்சுன்னா ரொம்ப ஒடைஞ்சு போயிருவா. நீ ஒண்ணும் சொல்லிராத."

அத்தை தன் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அத்தைக்கு வாரவிடுப்பு. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் அத்தை கதவோரம் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையில் அந்த இரண்டாவது படங்கு.

"எந்திரி தாயி. கையத் தொடச்சிட்டு வா. இடுப்பு அளவு பாப்போம்."

அத்தை அதை விரித்து என் இடுப்பைச் சுற்றிப் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டினார். கனம். உள்பக்கம் சில்லென்று இருந்தது. நடந்து பார்த்தால் முழங்காலில் மட் மட்டென்று இடித்தது. அத்தை இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு அவிழ்க்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "பெரியாறுன்னு ஊருக்கே கேக்குத மாதிரி பாத்திரத்துக்கிட்ட சொல்லுத. அவன்கிட்டயும் சொல்லலாம்ல" என்றார்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அத்தை கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாகப் போனது. படங்கை மடித்துப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் முள் எடுக்க உட்கார்ந்தார். முகத்தில் களையே இல்லை. பாவம், சுலபமான கேள்வியாகப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினார்.

"கேரளத்தோட மாநில மீன் எது?"

"கரிமீனுங்க."

"நீளமான ஆறு?"

"பெரியாறு."

"பெரிய காயல்?"

"வேம்பநாடு. உசரமான மலை ஆனைமுடி, அதையும் சேத்துக்கங்க."

கை அப்படியே நின்றது. என் தட்டில் துண்டு துண்டாக வந்து விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் துண்டை வாயில் போட்டேன். முள் குத்தப்போகிறது, பாலக்காட்டுக்குப் பஸ் ஏறப்போகிறேன் என்று மனசுக்குள் ஒரே நடுக்கம். ஒன்றும் குத்தவில்லை. குடம்புளியின் புளிப்பும் மிளகாய்க் காரமும் உப்பும் சேர்ந்து, சதை நாக்கிலேயே கரைந்தது. இவ்வளவு நாள் இதையா வேண்டாம் என்று விரட்டிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது. இன்னொரு துண்டு எடுத்தேன். அவர் கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே எடுத்தேன்.

"ஏய், பதிலச் சொல்லிட்டுத் தின்னு!"

"கேளுங்க பாக்கலாம்!"

"பாத்தியாம்மா, பாத்தியா? வேல செய்யுது! ஒமேகா வேல செய்யுது!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். அத்தை அங்கிருந்து, "ஆமாமா, ஒமேகாதான்" என்றார். அத்தை குரலில் சிரிப்பு இருந்தது. இன்றுவரை அவரிடம் நாங்கள் இரண்டு பேரும் உண்மையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே வேடிக்கைதான். மீனுக்காகவே படிக்க ஆரம்பித்தேன். நாலு மணிக்கெல்லாம் ஹாரன் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டிருப்பேன். கஷ்டமான பாடத்தை மத்தி வாங்கும் நாளுக்கு ஒதுக்கி வைப்பேன். ஒரு கேள்வி தப்பிப்போய், என் துண்டு அவர் வாய்க்குள் போகும்போது வயிறெரியும். அந்தப் பதில் அதன் பிறகு எந்த ஜென்மத்துக்கும் மறக்காது. மூளைக்குள் ஒமேகா என்ன செய்ததோ எனக்குத் தெரியாது. வெளியே இருந்து அது செய்த வேலை இதுதான். அவர் வயிறும் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வந்தது.

ஒருநாள் மாநில மீன் கேள்வியை மறுபடி கேட்டார். வேண்டுமென்றே, "மத்தி" என்றேன்.

துண்டை எடுத்தவர் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு என் தட்டிலேயே வைத்தார். "நம்ம வீட்டுக்கு அதான் மாநில மீன். ஆனா பரீட்சையில கரிமீன்னு எழுதிரு, என்ன?" என்றார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டது நான் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை அன்று காலையில் மீன் இல்லை. மலையிலிருந்து இறங்குகிற வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும். அதனால் வெறும் இட்லி மட்டும் கொடுத்தார். ஜீப்பை அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்து, ஒதுங்கி முந்தும்போது எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இவர் பதிலுக்குக் கையைத் தூக்கிக் கும்பிட்டார். நான் தமிழ் வழியில் படித்தவள், வினாத்தாளும் தமிழில்தான் வந்தது. எழுதி முடித்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீனப் பத்தி ஏதாச்சும் கேட்டிருந்தானா?"

"இல்லீங்க."

"அடச் சே" என்றார். அவர் ஏமாற்றத்தைப் பார்த்து நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அத்தை வேலையிலிருந்து நிற்கும் நாள் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. தோட்டத்து ஆபீசில் ஒருமுறை, மருமகள் பேர் பதியப்போகிறாளா, வீட்டை விடுகிறீர்களா என்று கேட்டுவிட்டார்கள். அத்தை, "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் அந்தப் படங்கு அப்படியே தொங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கதவைச் சாத்தப் பழகிவிட்டேன்.

அன்று நல்ல மழை. மூட்டம் இறங்கி எதிர் லயம்கூடத் தெரியவில்லை. சவாரி எதுவும் இல்லாததால் அவர் வீட்டில் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். கப்பைக் கிழங்கும் மத்திக் குழம்பும். எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும். பரீட்சை முடிவு அன்றோ மறுநாளோ வரும் என்று கோச்சிங் வகுப்பு சார் சொல்லியிருந்தார். அவர் கூப்பிட என் கணவரின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அதனால் இவர் காலையிலிருந்தே போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலை விட்டு நகராமல் நின்றார். சாப்பிட வரச் சொன்னாலும் வரவில்லை.

சரி, நானே ஊட்டுகிறேன் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனேன். இத்தனை மாதம் எனக்கு முள் எடுத்த ஆளுக்கு ஒருநாள் நான் எடுத்தால் என்ன? வால் பக்கம் அழுத்தினேன். நடுமுள்ளைத் தூக்கினேன். பாதி வந்தது, பாதி உடைந்தது. மீதியைக் கண்ணுக்குத் தெரிந்தவரை பொறுக்கினேன். "வாயத் தெறங்க" என்று ஊட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாயோ நாலாவது வாயோ, போன் அடித்தது.

சார்தான். இவர் போனைக் காதில் வைத்தார். வாய் நிறையக் கிழங்கும் மீனும். "ம்ம்" என்றார். மறுபடி "ம்ம்" என்றார். அப்புறம் கண் பெரிதாக விரிந்தது. என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தார். அவ்வளவுதான்.

கை தொண்டைக்குப் போனது. போன் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. என்னைக் காட்டுகிறார், தொண்டையைக் காட்டுகிறார், கட்டிலுக்கு அடியைக் காட்டுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிடைத்துவிட்டதா, கிடைக்கவில்லையா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அப்பாவின் முகம்தான். வேலிக்கு அந்தப்பக்கம் உடைந்து கிடந்த சட்டிதான்.

"அத்தை! முள்ளு! அத்தை!" என்று கத்தினேன்.

அத்தை ஓடி வந்து அவரைக் குனிய வைத்து முதுகில் தட்டினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பரீச்சையும் வேண்டாம், ஒரு மசுரும் வேண்டாம். ஏனுங்க, பேசுங்க. நான் கொழுந்து பறிக்கறனுங்க, எங்க வேணாலும் போறனுங்க, நீங்க பேசுங்க" என்று என்னென்னவோ சொன்னேன். அந்த நிமிஷம் அதெல்லாம் சத்தியமான உண்மை. அவர் இல்லாமல் எனக்கு எந்த வேலையும் வேண்டியிருக்கவில்லை.

வீடே அதிருகிற மாதிரி ஒரு இருமல் இருமினார். உள்ளங்கையில் வந்து விழுந்தது. நான் விட்டுவிட்ட முள். ஒரு நகத்தின் நீளம்கூட இருக்காது.

தண்ணீர் குடித்துவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு கரகரத்த குரலில், "கிடைச்சிருச்சு புள்ள. லிஸ்ட்டுல முன்னாடியே வந்திருக்கியாம். வேல நிச்சயம்னு சாரு சொல்லுதாரு" என்றார்.

நான் அவரை அடித்தேன். முதுகிலும் தோளிலும் கை ஓயும்வரை அடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் அழுதோம். கட்டிலுக்கு அடியில் சார் இன்னும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். அவசரத்தில் முள் சமாச்சாரத்தையும் சொல்லித் தொலைத்தேன்.

"நாந்தான் அப்பவே சொன்னனல்லொ, மீனு ஆகாதுன்னு! மாப்பிள்ளைக்கு எப்படி இருக்குது? ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

"அம்மா, எனக்கு வேலை கெடச்சிருக்குதும்மா."

"அது கெடைக்கும் கண்ணு, உனக்குப் படிப்பு வரும்னு எனக்குத் தெரியாதா? நீ மொதல்ல அந்த முள்ளுக்குப் பதிலச் சொல்லு."

நெடுநேரம் திட்டிவிட்டு, வைக்கப்போகும்போது குரலைத் தாழ்த்தி, "உன்ற தம்பி பொண்டாட்டியும் ஏதோ பரீச்சை எழுதறாளாமா. அந்த மீனு என்ன மீனுன்ன?" என்று கேட்டாள்.

சாயங்காலம் மழை விட்டது. வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது. அத்தை தானே போய் மத்தி வாங்கி வந்தார். திரும்பி வந்தவர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் புதுப் படங்கை எடுத்தார். வெளியே குழாயடிக்குக் கொண்டுபோய் உதறித் தரையில் விரித்தார். அதன் மேல் மத்தியைக் கொட்டிவிட்டு, கத்தியோடு உட்கார்ந்தார்.

"அத்தை, புதுசாச்சுங்களே அது" என்றேன்.

"மீன் வெட்ட நல்லாயிருக்கும்" என்றார். செதில் தெறித்துப் படங்கு முழுக்க ஒட்டியது. முகத்தைக் குனிந்துகொண்டே, "உனக்குன்னுதான் வாங்கி வச்சேன் தாயி. வாங்குன அன்னையிலிருந்து அத ஒருநாளும் நிம்மதியாப் பாத்ததில்ல" என்றார். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீனை எடுத்தார்.

அன்று என் கணவருக்குத் தொண்டை புண், கஞ்சி மட்டும்தான் குடித்தார். ஆனாலும் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் முள் எடுத்துத் தட்டில் வைத்தார். புத்தகம் அலமாரியில் இருந்தது. கேள்வி எதுவும் இல்லாமல் எனக்கு மீன் கிடைத்தது அன்றுதான்.